பந்தயப் புறாக் குஞ்சைப் பழக்குவது: கூட்டு வாசலிலிருந்து 80 கிலோமீட்டர் வரை

முதல் முறை வெளியே கொண்டுபோய்த் திறந்துவிட்ட குஞ்சு வீடு வந்து சேரவில்லை என்றால் பழியை வல்லூறின் மேலும் காற்றின் மேலும் போடுவது வழக்கம். பெரும்பாலும் தவறு அதற்கு ஒரு மாதம் முன்பே கூட்டில் நடந்திருக்கும். வயிறு நிறையத் தின்றுவிட்டுக் கூரையில் உட்காரப் பழகிய குஞ்சு, விசில் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்காத குஞ்சு, உள்ளே நுழையும் வழியே சரியாகத் தெரியாத குஞ்சு: இவைதான் சாலையில் முதலில் தொலைகின்றன. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் வீட்டு வேலைதான். தூரம் கடைசியில் வருகிறது.

பிரிக்கும் வயது

முட்டை பொரித்த 6 முதல் 8 நாளுக்குள் காலில் எண் பொறித்த வளையம் போட்டாக வேண்டும். முன்னால் போட்டால் கழன்று விழும், தாமதித்தால் முன்விரல்கள் நுழையாது. தாய் தகப்பனிடமிருந்து குஞ்சைப் பிரிக்கச் சரியான காலம் 25 முதல் 28 நாள். நாளை எண்ணுவதைவிட இறக்கையைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். அங்கே தோல் தெரியாமல் இறகு மூடியிருந்தால் பிரிக்கலாம். சிவந்த தோல் தெரிகிறதென்றால் இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள்.

பிரித்த முதல் நாள் தீனியைவிடத் தண்ணீர்தான் முக்கியம். தண்ணீர் எங்கே இருக்கிறதென்று குஞ்சுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகப் பிடித்து, மூக்குத் துவாரம் நனையாதபடி அலகின் நுனியைத் தண்ணீரில் தொட வையுங்கள். ஒருமுறை உறிஞ்சிவிட்டால் போதும், பிறகு தானே தேடிப் போகும். 24 மணி நேரம் கழித்தும் ஒரு மூலையில் இறகைச் சிலிர்த்து உட்கார்ந்திருக்கும் குஞ்சின் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். தானியம் கல்லுக் கல்லாகக் கையில் தட்டுப்பட்டால் அது தின்றிருக்கிறது, குடிக்கவில்லை.

குஞ்சுகளைப் பெரிய புறாக்களோடு சேர்த்து அடைக்காதீர்கள். பெரியவை உட்காரும் இடத்துக்காகக் கொத்தும், சிறியவை தரையில் ஒண்டும், தரையில் கிடப்பது முதலில் நோய்ப்படும். 20 குஞ்சு இருந்தால் உட்காரும் பலகைகள் 22 அல்லது 24 இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஓர் இடம் கிடைத்தால் வீடு திரும்ப ஒரு காரணமும் கிடைக்கிறது.

தீனிதான் கடிவாளம்

ஒரு குஞ்சுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் தானியம் போதும். 20 குஞ்சுக்கு 600 கிராம். இதில் மூன்றில் ஒரு பங்கைக் காலையிலும் மீதியை மாலையிலும் போடுங்கள். பறக்கவிடுவது எப்போதும் தீனிக்கு முன்னால். தீனிப் பாத்திரத்தில் நாள் முழுக்கத் தானியம் கிடந்தால் அந்தக் கூட்டில் பழக்கம் எதுவும் நடக்காது.

தராசு இல்லாவிட்டாலும் அளவு பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மூன்று நான்கு புறாக்கள் தண்ணீரை நோக்கி நகர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். இரண்டாவது, கலவையில் கொஞ்சம் பார்லி சேர்த்துக்கொள்வது. புறாவுக்கு அவ்வளவாகப் பிடிக்காத தானியம் அது, மற்றதையெல்லாம் பொறுக்கிவிட்டுத்தான் அதைத் தொடும். பார்லி தரையில் மிஞ்சினால் தீனி அதிகம். அதையும் துடைத்துவிட்டு உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் கூட்டலாம். அடக்கி வைப்பது வேறு, பட்டினி போடுவது வேறு. இறகு முளைக்கும் வயதில் பட்டினி கிடந்தால் இறகின் குறுக்கே மெல்லிய கோடு விழும். அந்த இடத்தில் இறகு பலவீனப்பட்டுப் பின்னால் ஒடியும்.

கலவையில் பட்டாணி, மக்காச்சோளம், கோதுமை, சோளம் ஆகியவை அடிப்படை. வளரும் குஞ்சுக்குப் பட்டாணி போன்ற பருப்பு வகை கூடுதலாக இருக்கலாம். தூரப் பயிற்சி தொடங்கியதும் மக்காச்சோளத்தைக் கூட்டுங்கள். அரைப்பைக்குக் கிரிட் எனப்படும் சிறுகல் எப்போதும் வேண்டும்.

ஒவ்வொரு வேளையும் தீனி போடும்போது ஒரே சத்தம் கொடுங்கள். விசிலாக இருக்கலாம், தகர டப்பாவில் தானியத்தைக் குலுக்குவதாகவும் இருக்கலாம். மாற்றாதீர்கள். இன்று ஒருவர் விசிலடித்து, நாளை இன்னொருவர் கைதட்டினால் குஞ்சுக்கு இரண்டுமே வெறும் சத்தம்தான். பத்து நாளில் சத்தம் கேட்டதும் தலைமேல் வந்து விழுகிற அளவுக்கு அவை பழகிவிட வேண்டும். அந்த நிலை வராமல் கதவைத் திறக்காதீர்கள்.

வாசலும் கம்பித் தடுப்பும்

கூட்டுக்கு வெளியே ஓர் இறங்கு பலகை, அதை ஒட்டி உள்ளே தள்ளினால் மட்டும் திறக்கும் தொங்கு கம்பிகள். பாப் என்று சொல்லப்படும் இந்தக் கம்பிகள் மேலே கீல் போலத் தொங்கும், கீழ் நுனி வாசல் கட்டையின் உள்பக்கத்தில் முட்டி நிற்கும். வெளியிலிருந்து நெஞ்சால் தள்ளினால் வழிவிடும், உள்ளிருந்து தள்ளினால் அசையாது. கனமான இரும்பைவிட அலுமினியக் கம்பி நல்லது, குஞ்சு பயப்படாது.

முதல் இரண்டு நாள் கம்பிகளைத் தூக்கிக் கட்டி, திறந்த வழியாகவே நடக்கவிடுங்கள். மூன்றாம் நாள் ஓரத்தில் இரண்டு மூன்று கம்பிகளை மட்டும் இறக்குங்கள். பின் எல்லாவற்றையும். இன்னும் தயங்குகிற குஞ்சைக் கையில் பிடித்து நெஞ்சு கம்பியைத் தொடும்படி மெதுவாகத் தள்ளி உள்ளே விடுங்கள், உள்ளே தீனி இருக்கட்டும். மூன்று நான்கு முறை செய்தால் போதும்.

இதில் காட்டும் பொறுமை பந்தய நாளில் கணக்கில் வரும். 100 கிலோமீட்டர் பந்தயத்தில் நிமிடத்துக்கு 1,200 மீட்டர் வேகத்தில் வந்த புறா 83 நிமிடத்தில் கூரைக்கு மேலே வந்துவிடும். பந்தயத்தில் கணக்கெடுப்பதோ அது உள்ளே நுழைந்து நேரம் பதிவாகிற கணம் வரை. கூரையில் 2 நிமிடம் இறகு கோதிவிட்டு இறங்கினால் வேகம் 1,172 ஆகக் குறைந்துவிடும். பறந்து சம்பாதித்ததை உட்கார்ந்து தொலைப்பது என்பது இதுதான்.

கம்பிக் கூண்டும் முதல் விடுதலையும்

இறங்கு பலகைக்கு மேலே பொருந்துகிற மாதிரி, மேலும் பக்கங்களிலும் கம்பி வலை அடித்த ஒரு கூண்டு செய்துகொள்ளுங்கள். பிரித்த இரண்டு மூன்று நாளிலிருந்தே, மாலைத் தீனிக்கு ஒரு மணி நேரம் முன்பு குஞ்சுகளை அதில் விடுங்கள். கூரை, மரம், வானம், சூரியன் நகரும் திசை எல்லாவற்றையும் அவை பார்க்கட்டும். ஒரு மணி நேரம் கழித்துச் சத்தம் கொடுத்து, கம்பித் தடுப்பு வழியாக உள்ளே வரவழைத்துத் தீனி போடுங்கள். இப்படி 5 முதல் 7 நாள்.

முதல் விடுதலை 5 வார வயதுக்குள் நடந்துவிட வேண்டும். அந்த வயதில் இறக்கைக்குத் தூரம் போகிற பலம் இருக்காது, கூரை வரை தத்தும், திரும்பி வரும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். ‘இன்னும் கொஞ்சம் பலம் வரட்டும்’ என்று 7, 8 வாரம் வரை அடைத்து வைக்கிறார்கள். பலம் வந்துவிடுகிறது, இடம்தான் தெரிவதில்லை. திறந்ததும் உயரே ஏறி, காற்று போகிற பக்கம் போய்விடுகிறது. அப்படி வயது கடந்துவிட்ட குஞ்சு கையில் இருந்தால், இறக்கையின் வெளி இறகுகளை மென்மையான ஒட்டுநாடாவால் தளர்வாகச் சேர்த்துக் கட்டி, பறக்க முடியாமல் பலகையிலும் கூரையிலும் சில நாள் நடமாடவிடலாம். பூனை வராமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வேறொரு கூட்டில் பறந்து பழகிய பெரிய புறாவை வாங்கியிருந்தால் இந்தப் பாடே வேண்டாம். அதை அடைத்து வைத்துக் குஞ்சு எடுப்பதுதான் வழி.

காற்றில்லாத மாலையாகப் பாருங்கள். இருட்ட இன்னும் ஒன்றரை மணி நேரமாவது இருக்கட்டும். காலையில் பாதித் தீனிதான் போட்டிருக்க வேண்டும். கம்பிக் கூண்டின் மேல் மூடியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். கையால் பிடித்து மேலே வீசவே கூடாது. தானாக ஏறி உட்கார்ந்து, சுற்றிப் பார்த்து, இறங்கட்டும். நாய், ஓடி வரும் பிள்ளைகள், உதறிய துணி எதுவும் அந்த அரை மணி நேரம் அருகில் வேண்டாம். மிரண்டு கிளம்பிய குஞ்சு இறங்க வேண்டிய இடத்தைக் கவனிக்காமலே போய்விடும். 20 நிமிடம் கழித்து டப்பாவைக் குலுக்குங்கள். ஒன்றிரண்டு கூரையிலேயே தங்கினால் துரத்தாதீர்கள். மற்றவை தின்னும் சத்தம் கேட்டால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

வட்டம் அடிப்பதும் காணாமல் போவதும்

முதல் இரண்டு வாரம் கூட்டைச் சுற்றிக் குழப்பமாக, ஆளுக்கொரு பக்கமாகப் பறக்கும். பிறகு ஒரு கூட்டமாகச் சேரும். சுமார் 8 முதல் 10 வாரத்தில் ஒரு நாள் காலையில் திறந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அரை மணி, ஒரு மணி, சில நாள் இரண்டு மணி நேரம் கழித்து ஏதோ ஒரு திசையிலிருந்து வேகமாக வந்து இறங்கும். வயிற்றில் புளியைக் கரைக்கும் நேரம்தான், ஆனாலும் இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தோம். சுற்று வட்டாரத்தை அவை தாமே படித்துக்கொள்ளும் காலம் இது. இரண்டு மூன்று வாரம் இப்படிச் சுற்றிவராத குஞ்சுகளைக் கூடையில் ஏற்ற அவசரப்படாதீர்கள்.

நாட்கள் போகப் போக அவை கூட்டின் மேலேயே 10 நிமிடம் சுற்றிவிட்டு இறங்கினால் மூன்று காரணங்களைப் பாருங்கள். தீனி அதிகம், அல்லது உடம்பில் ஏதோ கோளாறு, அல்லது பக்கத்தில் வல்லூறு சுற்றுகிறது. கொடியைக் காட்டி வலுக்கட்டாயமாகப் பறக்கவைப்பது முதல் காரணத்துக்கு மட்டும் ஓரளவு உதவும். மற்ற இரண்டில் கெடுதல்தான்.

உடம்பைப் பார்க்க மருந்துப் பெட்டி வேண்டியதில்லை, எச்சத்தைப் பார்த்தால் போதும். கெட்டியாக, பழுப்பு நிறத்தில், உச்சியில் வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சையாகத் தண்ணீராகப் போனால், தின்ற தானியத்தைக் கக்கினால், காலையிலும் தீனிப்பை நிறைந்தே இருந்தால் பயிற்சியை அன்றே நிறுத்துங்கள். இளங்குஞ்சுகளிடம் இது ஒரே நாளில் கூடு முழுக்கப் பரவும். நோயுற்றதைப் பிரித்து வைத்து, கால்நடை மருத்துவரிடம் எச்சத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள். தொண்டையில் மஞ்சள் படிவு இருக்கிறதா என்றும் வாயைத் திறந்து பாருங்கள், அது கேங்கர் என்ற ஒட்டுண்ணி நோயின் அடையாளம். ஆன்டிபயாடிக்கை ஊகத்தில் தண்ணீரில் கலந்து விடுவதால் நன்மையைவிடத் தீமையே அதிகம். பாராமிக்ஸோ என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசியை 5, 6 வார வயதில் போட்டுவிட்டால் நல்லது. அது முழுதாக வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

கூடை

கூடையில் முதல் அனுபவம் சாலையில் வேண்டாம். கூட்டுக்குள்ளேயே கூடையை வைத்து, ஓரிரவு அடைத்து, வெளிப்பக்கம் தண்ணீர்க் குவளை மாட்டுங்கள். கூடையில் குடிக்கத் தெரியாத புறா பந்தய வண்டியில் ஒரு நாள் முழுக்கத் தாகத்தோடு கிடக்கும். மறுநாள் காலை கூட்டு வாசலிலேயே கூடையைத் திறந்துவிட்டுத் தீனி போடுங்கள். இரண்டு மூன்று முறை.

ஒரு புறாவுக்கு 300 சதுர செ.மீ. கணக்கு வையுங்கள். 80 க்கு 50 செ.மீ. கூடையில் 13 போகும். உயரம் 25 செ.மீ. சுமார் போதும், அதற்கு மேலிருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அடியில் மரத்தூளோ அட்டையோ விரியுங்கள், வழுக்கினால் கால் பிசகும். காரின் மூடிய பின்பெட்டியில் ஏற்றாதீர்கள். காற்றில்லாத வெப்பத்தில் 20 நிமிடம் இருந்த புறா திறந்ததும் பறக்காது, இறங்கித் தண்ணீர் தேடும்.

சாலை

வெளியே கொண்டுபோய்த் திறந்துவிடுவதைத்தான் டாஸ் போடுவது என்கிறார்கள். தொடங்குகிறவர்களுக்கு ஒரு படிக்கட்டு:

முதலில் 2 கிலோமீட்டர், நான்கு திசைகளிலும் ஒவ்வொரு முறை.
பிறகு பந்தயப் பாதை இருக்கும் திசையில் மட்டும் 5 கிலோமீட்டர், இரண்டு முறை.
10 கிலோமீட்டர், இரண்டு முறை.
15, 25, 40 கிலோமீட்டர், ஒவ்வொன்றும் இரண்டு முறை.
60, 80 கிலோமீட்டர், ஒவ்வொரு முறை.

வாரத்துக்கு மூன்று நாள் போதும். இந்த எண்களில் புனிதம் ஒன்றும் இல்லை. புறா நேராக வந்தால் அடுத்த படி, அலைந்து வந்தால் அதே படி. 10 கிலோமீட்டரிலிருந்து முதல் தடவை ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வது சகஜம். இரண்டாம் தடவை கால் மணிக்குள் வந்தால் பாடம் புரிந்துவிட்டது. பழகிய புறா காற்றில்லாத நாளில் மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் பறக்கும். ஆகவே 40 கிலோமீட்டருக்கு 30 முதல் 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

வானம் தெளிவாக இருக்கும் காலையில் மட்டும் திறங்கள். பறவை ஆய்வாளர் குஸ்தாவ் கிராமர் 1950-களில் பறவைகள் சூரியனை வைத்துத் திசை பார்க்கின்றன என்று காட்டினார். வில்லியம் கீட்டன் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், முதுகில் காந்தம் கட்டிய புறாக்கள் மேகம் மூடிய நாளில் வழி தவறின, வெயில் நாளில் பெரும்பாலும் சமாளித்தன. ஃபிளோரியானோ பாப்பி 1970-களின் தொடக்கத்தில் இத்தாலியில் வாசனைக்கும் பங்குண்டு என்று கண்டார். எது எவ்வளவு உதவுகிறது என்று இன்றும் விவாதம் நடக்கிறது. நமக்கு வேண்டியது இதுதான்: அனுபவமுள்ள புறா ஒரு வழி அடைபட்டால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளும், முதல் தடவை போகும் குஞ்சுக்கு அந்தக் கைமாற்று இன்னும் வரவில்லை. பனிமூட்டம், புழுதி மங்கல், தாழ்ந்த மேகம், பலத்த எதிர்காற்று இருந்தால் பாதி வழி போயிருந்தாலும் கூடையோடு திரும்பி வாருங்கள்.

திறக்கும் இடத்தைச் சுற்றி மின்கம்பி இருக்கக் கூடாது, மரக் கூட்டமும் வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டுக் கூடைகளை இறக்கி வைத்து 15, 20 நிமிடம் வானத்தைப் பார்க்கவிடுங்கள். வானத்தில் வல்லூறு தெரிகிறதா என்று நீங்களும் பாருங்கள். எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வட்டம் அடித்து வீட்டுப் பக்கம் இழுத்தால் நல்ல அறிகுறி. கால் மணி நேரமாகியும் தலைக்கு மேலேயே சுற்றினால் அடுத்த முறை தூரத்தைக் குறையுங்கள்.

15 கிலோமீட்டர் தாண்டியதும் மொத்தக் கூட்டமாக விடுவதை நிறுத்திவிட்டு நான்கு ஐந்தாகப் பிரித்து விடுங்கள். 25-இல் இரண்டிரண்டாகவும் ஒற்றையாகவும். முன்னது கண்ணுக்கு மறைந்து 10 நிமிடம் கழித்து அடுத்தது. கூட்டத்தோடு பறப்பது குஞ்சுக்குச் சுகம், முன்னால் பறப்பதன் பின்னே போனால் போதும். பந்தயத்தில் பல கூடுகளின் புறாக்கள் ஒன்றாகக் கிளம்பும்போது, இதுதான் என் வழி என்று கூட்டத்தை விட்டுப் பிரியத் தெரிந்தது மட்டுமே முதலில் வீடு வரும். ஒற்றையாகப் பறந்து வந்த அனுபவம் இல்லாத குஞ்சு கூட்டத்தோடு உங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு திரும்பி வரும்.

இறக்கை இறகு உதிர்வதையும் கவனியுங்கள். ஒவ்வோர் இறக்கையிலும் பெரிய வெளி இறகுகள் 10. உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக உதிரும். முதல் இறகு 6, 7 வாரத்தில் விழும். உள் இறகுகள் மாறும்போது பயிற்சி தடைபடாது. கடைசி மூன்றில் ஒன்று பாதி வளர்ந்து நிற்கும்போது நீண்ட தூரம் வேண்டாம். இரத்தம் ஓடும் இறகு அடிபட்டால் வளைந்தே முளைக்கும்.

வந்ததும், வராததும்

வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். வந்தவுடன் உள்ளே தண்ணீரும் ஒரு கைப்பிடித் தீனியும் தயாராக இருக்கட்டும். நீண்ட தூரம் வந்ததற்கு முதல் தண்ணீரில் எலக்ட்ரோலைட் எனப்படும் தாது உப்புக் கலவையைக் கலக்கலாம். ஒரு நோட்டில் வளைய எண், கிளம்பிய நேரம், வந்த நேரம், காற்றின் திசை எழுதுங்கள். எப்போதும் கடைசியாக வருகிற மூன்று எண்களும், எப்போதும் கூரையில் நின்றுவிடுகிற இரண்டு எண்களும் நான்கு வாரத்தில் தாமாகத் தெரிந்துவிடும்.

ஒரே நாளில் பாதிக் கூட்டம் திரும்பவில்லை என்றால் மறுநாளே மீதியை ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள். கூட்டின் கம்பித் தடுப்பை இரவு வரை திறந்த நிலையில் வைத்து, மறுநாள் விடியும்போதே மறுபடி திறங்கள், பலகையில் தானியம் தூவுங்கள். மிஞ்சியவற்றின் எச்சத்தையும் தொண்டையையும் பாருங்கள். நான்கு நாள் ஓய்வு கொடுத்து இரண்டு படி கீழே இறங்கித் தொடங்குங்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து வந்த குஞ்சைக் கையிலெடுத்து முதலில் நெஞ்சைத் தடவுங்கள். மின்கம்பியில் மோதியிருந்தால் தீனிப்பையோ நெஞ்சுத் தோலோ கிழிந்திருக்கும். குடித்த தண்ணீர் கழுத்துக்குக் கீழே கசிந்தால் தையல் வேண்டும், மருத்துவரிடம் போங்கள். காயமில்லாமல் நெஞ்செலும்பு கத்தி போல் துருத்தியிருந்தால் முதல் நாள் சின்னத் தானியமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், ஒரேயடியாக நிரப்பினால் தீனிப்பையிலேயே தங்கிப் புளித்துவிடும். பத்து நாள் மற்றவற்றோடு கூட்டைச் சுற்றி மட்டும் பறக்கட்டும். பிறகு மறுபடி 5 கிலோமீட்டரிலிருந்து.